கிராஞ்சித் தண்ணீரும் வரவேற்பறைப் பவளமும்

கிராஞ்சி அணையின்மேல் போகும் சாலையில் நின்றால் ஒரு பக்கம் ஜொகூர் நீரிணை, மறுபக்கம் நீர்த்தேக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாலையின் அகலம் மட்டும்தான். கடல்பக்கம் நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே வரும், அதில் சேற்றுத்தாவி மீன்கள் துள்ளும், அக்கரையில் ஜொகூரின் அடுக்குமாடிகள் தெரியும். தேக்கத்தின் பக்கம் அலையில்லாத நன்னீர்; கரையில் தூண்டிலோடு சிலர்.

1975-இல் அணை கட்டி முடியும்வரை இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. கடல் நாள்தோறும் ஆற்றுக்குள் ஏறிவந்து திரும்பும். கரை நெடுகக் கண்டல் காடு. மேட்டிலிருந்து கங்கார், தெங்கா, பெங் சியாங் ஆறுகள் இறங்கிவரும். அந்த மேட்டில் பன்றிக் கொட்டில்கள், கோழிப்பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள். கொட்டிலைக் கழுவிய நீரும் தோட்டத்து எருவின் மிச்சமும் ஆற்றோடு போய்க் கடலில் கலந்தன. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆற்றின் வாயை அடைத்து அணை வந்த பிறகு கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. அடைத்த தண்ணீரில் விழுந்தது எங்கும் போகாது, அங்கேயே கிடக்கும். 1970களில் கிராஞ்சி நீர்ப்பிடிப்பில் இருந்த பன்றிப் பண்ணைகளைப் பொங்கோலுக்குப் பெயர்த்தார்கள். 1984-இல் பன்றி வளர்ப்பையே தீவில் நிறுத்திவிடுவதென்று அரசு முடிவெடுத்தது. பத்தாண்டு முடிவதற்குள் பொங்கோலும் காலியாகிவிட்டது.

கொட்டிலை இழந்த குடும்பங்களில் சில கொட்டிலையே தொட்டியாக்கின. இன்று ஜாலான் லேக்காரில் இருக்கும் சியான் ஹு நிறுவனத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். யாப் குடும்பத்தார் பன்றி வளர்த்த சிமென்ட்டுக் கொட்டில்களில் 1980களில் தண்ணீர் நிரப்பி கப்பி மீன் வளர்த்தார்கள். 2000-இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. கிராஞ்சி, சுங்கை தெங்கா வட்டாரம் அலங்கார மீனுக்குப் பேர்போனது இப்படித்தான். ஆனால் கொட்டில் கழிவிலும் எருவிலும் இருந்த பாஸ்பேட் கப்பிக்கும் அரவானாவுக்கும் ஒரு பொருட்டே இல்லை. நன்னீர் மீன்காரரிடம் போய் "அங்கிள், பாஸ்பேட் எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அந்தக் கவலை உப்புத் தண்ணீர்க்காரர்களுடையது, அதிலும் பவளம் வளர்ப்பவர்களுடையது.

அந்தக் காலத்தில் கடல்மீன் தொட்டி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் 1955-இல் திறந்த வேன் கிளீஃப் மீன்காட்சியகத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அது 1991-இல் மூடப்பட்டது. வீட்டில் கடல்மீன் வைத்தவர்கள் அப்போது செத்த பவளத்தின் வெள்ளை எலும்புக்கூட்டைக் குளோரினில் ஊறவைத்துக் கழுவி அலங்காரமாக வைப்பார்கள். அடியில் சரளைக்கல், அதற்குக் கீழே காற்றுக் குழாயால் ஓடும் வடிகட்டி. பவளம் உயிரோடு வாழும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. நம்பிச் செய்து காட்டியவர் தொலைவில் இல்லை. ஜகார்த்தாவின் லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் கொஞ்சம் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தை வாழவைத்தார். 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். காலத்துக்கு முன்னே வந்தவர். பிறகு மேற்கு பெர்லின்காரர்கள் உயிர்ப்பாறையோடு நுரை பிரிக்கும் ஸ்கிம்மரையும் வெளிச்சத்தையும் சேர்த்து ஒரு முறையாக்கினார்கள். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் அமெரிக்காவில் 'மினி ரீஃப்' மோகத்தைக் கிளப்பியது. அந்த அலை சிங்கப்பூர்க் கடைகளுக்கும் வந்தது.

அலையோடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது. 1979-இல் கின்சி, டேவிஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் பவளப்பாறைமீது நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேர்ந்த உரத்தை நாள்தோறும் விட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்பேட் லிட்டருக்கு 2 மைக்ரோமோல், அதாவது நம் தொட்டிக் கணக்கில் சுமார் 0.19 பிபிஎம் அளவுக்கு ஏறியபோது பாறையின் சுண்ணாம்புப் படிவு பாதிக்கும் கீழே போனது. பவளம் தன் எலும்பைக் கட்டும்போது, வளரும் சுண்ணாம்புப் படிகத்தின் முகத்தில் பாஸ்பேட் போய் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு வராமல் தடுக்கிறது. அது போதாதென்று பாசிக்கும் அதுவே தீனி. கண்ணாடி பழுப்பேறுவது, பாறையில் பச்சைமுடி வளர்வது, அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நுனி வெளுத்து வளர்ச்சி நிற்பது எல்லாவற்றுக்கும் பழி பாஸ்பேட்டின் தலையில் விழுந்தது. முக்கால்வாசிப் பழி நியாயமானதும்கூட.

அதிலிருந்து பிறந்ததுதான் 'பூஜ்யம்' என்ற வேதம். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தொட்டி வைத்தவர்களின் கனவெல்லாம் பாஸ்பேட் பூஜ்யம் என்று எழுதி வைப்பது. அந்தப் பூஜ்யத்தை எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர், அதில் சில சொட்டு, ஒரு கரண்டித் தூள். பிறகு நீலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வண்ண அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 0.03-க்கும் 0.1-க்கும் இடையே இருக்கும் நீலத்தைக் குழல்விளக்கின் கீழே பிரித்துச் சொல்வது சாதாரணக் கண்ணால் ஆகிற காரியமில்லை. கணவன் 'பூஜ்யம்' என்பார், மனைவி 'கொஞ்சம் நீலமா இருக்கே' என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம்.

இன்று கையடக்க ஒளிமானி வந்துவிட்டது. ஹானா நிறுவனத்தின் கருவி சிங்கப்பூரில் பவளத் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். 10 மில்லி தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து, முதலில் வெறும் நீரை வைத்துக் கருவிக்குக் காட்ட வேண்டும். பிறகு பொட்டலத்தைப் பிரித்துத் தூளை முழுக்கக் கொட்டி, கரையும்வரை ஆட்டி, மூன்று நிமிடம் காத்திருந்தால் எண் வரும். கண்ணாடிமேல் ஒரு விரல்ரேகை, உள்சுவரில் ஒரு சின்னக் குமிழி, பொட்டலத்தின் மூலையில் தங்கிய தூள் என்று ஏதாவது ஒன்று போதும், எண் தாறுமாறாகிவிடும். அந்த எண்ணும் பாஸ்பரஸின் அளவு, பில்லியனில் எத்தனை பங்கு என்று. 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 130 காட்டினால் ஏறத்தாழ 0.4 பிபிஎம். கருவியே 5 அலகு இப்படி அப்படி இருக்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார், அது 0.015 பிபிஎம். ஆகவே 0.03 என்று வந்தால் 0.015-ஆகவும் இருக்கலாம், 0.045-ஆகவும் இருக்கலாம். ஒரு தடவை வந்த எண்ணை நம்பி மருந்து ஊற்றப் போகிறவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். நாள்விட்டு நாள் ஒரே நேரத்தில், ஒரே குப்பியில் எடுத்த எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதுதான் பேசும்.

புக்கிட் பாத்தோக்கில் வீவக வீட்டில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 0.4 என்ற எண்ணோடு வந்தார். "அண்ணே, பாதித் தண்ணியை மாத்திடவா? இல்ல அந்த வெள்ளை மருந்து ஊத்திடவா? கடையில ஒரே ராத்திரியில இறங்கிடும்னு சொல்றாங்க." அந்த எண்ணை அவர் கையில் வைத்தே கணக்குப் போட்டோம். 200 லிட்டரில் 0.4 என்றால் தண்ணீரில் கரைந்திருப்பது 80 மில்லிகிராம். உப்பு ஒரு சிட்டிகைகூட இல்லை. இனி அவர் மீனுக்குப் போடும் தீனியைப் பாருங்கள். உலர் தீனியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் இருக்கும். ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 30 மில்லிகிராம் பாஸ்பேட். அத்தனையும் வெளியே வந்தால் அந்த ஒரு கிராமே தொட்டியை 0.15 ஏற்றிவிடும். மீனின் உடம்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் கொஞ்சம் இழுக்கும், பாசி கொஞ்சம் தின்னும், மிச்சம் தங்கும். அவர் வீட்டில் காலையில் மாமனார் ஒரு சிட்டிகை போடுவார், மாலையில் பிள்ளை ஒரு சிட்டிகை போடும், இரவு இவர் உறைந்த இறால் கட்டியைக் கரைத்து விடுவார். அந்தக் கரைசல் நீரையும் அப்படியே ஊற்றிவிடுவார். பன்றிக் கொட்டிலை மேட்டில் வைத்துக்கொண்டு தேக்கத்தைச் சுத்தம் செய்யப் பார்ப்பதுதான் இது.

தீனியைக் குறைத்தார்கள். மாமனாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அவருடைய பொழுதுபோக்கு பறிபோனது. உறைந்த கட்டியைச் சல்லடையில் போட்டு ஆர்.ஓ. சவ்வில் வடித்த தண்ணீரில் அலசிவிட்டுப் போடும் பழக்கம் வந்தது. ஆவியாகும் நீரை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவதையும் நிறுத்தினார். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர் குடிக்க அருமையானது, ஆனால் அதில் குளோரமைன் உண்டு, பவளத்துக்கு அது ஆகாது, ஆர்.ஓ., டி.ஐ. இரண்டும் வைத்த வடிகட்டியில் இறங்கிய நீரே சரி. இவ்வளவு செய்தும் அடுத்த சில நாட்களில் எண் பெரிதாக இறங்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார், கணக்குப்படி 0.4 போய் 0.32 ஆக வேண்டும். ஆனது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி ஏறிவிட்டது. நண்பர் கருவியைச் சந்தேகப்பட்டார்.

கருவி மீது குற்றமில்லை. தொட்டியில் இருக்கும் பாறையும் மணலும் சுண்ணாம்பு. தண்ணீரில் பாஸ்பேட் மிகுந்திருந்த மாதங்களில் அவை அதை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டன. தண்ணீரில் அளவு குறைந்ததும் தங்களிடம் இருப்பதைத் திருப்பி விடுகின்றன. தண்ணீரில் இருக்கும் 80 மில்லிகிராம் வெறும் கைச்செலவு; சேமிப்பு முழுக்கப் பாறைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தோனேசியக் கடலிலிருந்து ஈரமாகவே வந்த உயிர்ப்பாறைக்குப் பதில் இன்று பெரும்பாலும் காய்ந்த பாறை விற்கிறார்கள். 2018-இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்திவைத்தபோது இது இன்னும் கூடியது. காய்ந்த பாறையின் துளைகளில் செத்துக் காய்ந்த பழைய உயிரிகளின் மிச்சம் இருக்கும். புதுத் தொட்டி வைத்துத் தீனியே போடாதவருக்கும் பாஸ்பேட் ஏறுவதற்கு அதுதான் காரணம்.

பாறைக்குள் இவ்வளவு கிடப்பதால் அவசரக்காரர் இரண்டு விதத்தில் தோற்பார். எண்ணை ஒரே ராத்திரியில் கீழே இழுத்தால் பாறை மறுபடி ஏற்றிவிடும். எண் கீழேயே நின்றுவிட்டாலோ அதைவிடக் கேடு.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம். பாஸ்பேட் இல்லாவிட்டால் பவளம் பிழைக்காது என்பதை நாம் மெல்லத்தான் கற்றுக்கொண்டோம். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தைச் சோறாக்கி அதற்கு ஊட்டுகிறது. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் பஞ்சமானால் பவளம் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தியை இழந்து எளிதில் வெளுத்துவிடுகிறது என்று காட்டினார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே துடைத்தெடுக்கப்பட்ட தொட்டியில் இன்னொரு விருந்தாளி வருவார்: டைனோஃபிளாஜெல்லேட். மணல்மேலும் பவளக் கிளைகளிலும் பழுப்பு நிறச் சளியாகப் படர்ந்து, பகலில் நுனியில் குமிழியோடு நூல்நூலாகத் தொங்கும். சில வகைக்கு நஞ்சும் உண்டு. நத்தைகள் கொத்தாகச் செத்துவிழும். பச்சைமுடிப் பாசியோடு வாழ்ந்துவிடலாம், இதோடு வாழ முடியாது. பூஜ்யம் கண்டு கொண்டாடியவர்களில் பலர் அடுத்த மாதம் தொட்டியைக் கலைத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நம் தெற்குத் தீவுகளைச் சுற்றிய கடலையே பாருங்களேன். கப்பல் போக்குவரத்தும் கடல் தூர்ப்பும் கலக்கிவிட்ட நீர். கைநீட்டினால் விரல் தெரியாத நாட்கள் உண்டு. அதில் சுமார் 250 இன வன்பவளங்கள் இன்னும் இருக்கின்றன. படம்பிடிக்கிற நீலக் கடலின் எண்களை வைத்துக்கொண்டு வீட்டில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. திறந்த கடல் பவளப்பாறைகளில் 0.02-க்கும் கீழே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே அலையோடு நுண்ணுயிர்த் தீனி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. நம் தொட்டியில் அது இல்லை. 0.03-க்கும் 0.1-க்கும் நடுவே நிலையாக நின்றால் போதும் என்பதுதான் இன்று அனுபவசாலிகள் பலரின் கணக்கு, என்னுடையதும் அதுதான். 0.15-இல் பவளம் நிறத்தோடும் வளர்ச்சியோடும் இருந்தால் கைவைக்கவே வேண்டாம் என்பேன்.

இறக்குவதானால் எப்படி? அன்றைய மருந்து இரும்பு ஆக்சைடுதான்: ஜி.எஃப்.ஓ. என்று கடையில் கேட்டாலே தருவார்கள், துருநிறக் குறுமணி. பாஸ்பேட் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவை, சிலர் இரண்டு மடங்கை, ரியாக்டர் குழாயில் கொட்டி முழு வேகத்தில் நீரை விட்டார்கள். இரண்டே நாளில் 0.4 போய் 0.02. நான்காம் நாள் அக்ரோபோராவின் அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பிக்கும். பாஸ்பேட் அதிகம் இருந்த நீருக்குப் பழகிய பவளம் அது. அதன் நுண்பாசி திடீரென்று பட்டினி விழுகிறது, நீர் தெளிந்து வெளிச்சமும் கூடிவிடுகிறது, காரத்தன்மையும் சற்று இறங்கிவிடும். பாஸ்பேட் கொல்லாத பவளத்தைப் பாஸ்பேட்டுக்குப் போட்ட மருந்து கொன்றுவிடும்.

இன்றும் குறுமணி அதேதான், போடும் கைதான் மாறியிருக்கிறது. பொட்டலம் சொல்வதில் கால் பங்கில் தொடங்கி, ஆர்.ஓ. நீரில் தூசி போகும்வரை அலசி, மணிகள் மேலே லேசாகப் புரளும் அளவுக்கு மட்டும் நீரை விட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை அளக்க வேண்டும், கூடவே காரத்தன்மையையும். 0.4-இலிருந்து 0.1-க்கு வர ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகட்டும். நடுவில் பவளம் முகம் சுளித்தால் குறுமணியை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பக் கஷ்டம். குறுமணி நிறைந்துவிட்டால் எண் இறங்காமல் நிற்கும். அப்போது மாற்ற வேண்டும், முன்பு போட்ட அளவே மீண்டும். அலுமினியம் ஆக்சைடு உருண்டைகளும் இதே வேலையைச் செய்யும், ஆனால் தோல் பவளங்கள் அதற்குச் சுருங்கிக்கொள்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

நண்பர் கேட்ட 'வெள்ளை மருந்து' லாந்தனம் குளோரைடு. நீச்சல்குளப் பாசிக்கு விற்கிற அதே சரக்கு. லாந்தனம் பாஸ்பேட்டைக் கண்டால் விடாது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு உணவிலிருந்து பாஸ்பேட்டைப் பிடித்துவைக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுப்பதும் இதனால்தான். தொட்டியில் ஊற்றினால் நொடியில் பால்போல் கலங்கும். அந்தக் கலங்கல்தான் பிடிபட்ட பாஸ்பேட், கொஞ்சம் கார்பனேட்டும் சேர்ந்து. அந்த நுண்தூள் மீனின் செவுளில் போய் அடைத்தால் மூச்சு முட்டும்; டாங் வகை மீன்கள் இதில் அதிகம் போயிருக்கின்றன. கார்பனேட்டையும் பிடித்துவிடுவதால் காரத்தன்மை சறுக்கும். ஆகவே பெரிய தொட்டிக்காரர்கள், பாறைக்குள் மலையாகச் சேர்ந்துபோனவர்கள் மட்டும் இதைத் தொடலாம். அதுவும் ஆர்.ஓ. நீரில் நன்றாக நீர்க்கவைத்து, சொட்டுசொட்டாக, 5 அல்லது 10 மைக்ரான் பைவடிகட்டியின் வாய்க்குள், தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப்பில், ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஒரு நாளைக்கு மிகச் சிறிய அளவு. மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். 200 லிட்டர் வரவேற்பறைத் தொட்டிக்கு இது வேண்டாம் என்றேன்.

பாக்டீரியாவுக்குக் கரிமச் சத்து ஊற்றி, அதன் மூலம் சத்துகளை இழுக்கும் முறை ஒன்று உண்டு. மேலைநாட்டுக்காரர்கள் வோட்காவைத்தான் பிரபலமாக்கினார்கள். சிங்கப்பூர் மதுவரிக்கு வோட்காவை மீனுக்கு ஊற்ற மனசு வராது, இங்கே வினிகர்தான். ஆனால் இது நைட்ரேட்டைத்தான் அதிகம் இறக்கும். கடலின் நுண்ணுயிர்களில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணு பதினாறு என்ற விகிதத்தை ரெட்ஃபீல்ட் என்ற கடலாய்வாளர் எப்போதோ சொல்லிவிட்டார். நைட்ரேட் தீர்ந்ததும் பாக்டீரியா கைவிரித்துவிடும், பாஸ்பேட் அங்கேயே நிற்கும். இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பாக்டீரியா திடீரென்று பெருகினால் இரவில் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி வீட்டில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒரு ராத்திரி நின்றுபோனால் வெந்நீர், ஆக்சிஜன் பஞ்சம் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்தது கீட்டோ. பச்சைக் கம்பிச்சுருள் மாதிரி இருக்கும் கடற்பாசி. சம்ப்பின் ஓர் அறையில் போட்டு, மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதற்கு விளக்கு எரிய விட்டால் இரவெல்லாம் வளரும், ஆக்சிஜனும் விடும். வாரம் ஒரு தடவை பாதியைப் பிய்த்து வெளியே போட வேண்டும். தொட்டியிலிருந்து பாஸ்பேட் உண்மையிலேயே வெளியேறுவது அப்போதுதான். கையில் பிழியப் பிழியத் தண்ணீர் சொட்டும் அந்தப் பந்துக்குள்தான் அது இருக்கிறது. தானாகவே மெதுவாக இறக்கும், அவசரப்பட்டாலும் அவசரப்படுத்த முடியாது. நண்பர் வீட்டில் கீட்டோவும் கால் பங்கு குறுமணியும் சேர்ந்துதான் வேலையை முடித்தன.

இதே பாடத்தைக் கிராஞ்சி பெரிய அளவில் படித்துக்கொண்டிருக்கிறது. பன்றி போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகுவது நிற்கவில்லை. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இங்கே மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனங்களையும் அவை விடும் நஞ்சையும் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். மழையோடு நிலத்திலிருந்து வருவது ஒரு பங்கு. அடிச்சேற்றில் ஏற்கெனவே படிந்தது இன்னொரு பங்கு; ஏரிகளின் அடியில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் சேறு தன்னிடம் இருக்கும் பாஸ்பரஸை மேலே விடும். நண்பரின் பாறை செய்த அதே வேலை. லாந்தனம்கூடப் பொது மருந்துதான்: களிமண்ணில் லாந்தனத்தை ஏற்றி ஏரிகளில் தூவும் ஃபாஸ்லாக் என்ற பொருளை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் 1990களில் உருவாக்கியது. வேறு நாடுகளின் ஏரிகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சிங்கப்பூர் 2006-இல் தொடங்கிய ஏபிசி நீர்த்திட்டம் கீட்டோவின் பக்கம் சாய்ந்தது. நீர் ஓடும் வழியிலேயே செடியையும் மணலையும் வைத்து வடிகட்டுவது. அணை கட்டியதால் தேக்கத்தின் ஓரத்தில் தானாக உருவான சதுப்பு 2016-இல் கிராஞ்சிச் சதுப்புநிலமாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 57 ஹெக்டேர். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அது நாரைக் கூட்டம். எனக்கு அதில் வேர்களின் வேலைதான் கண்ணில் படுகிறது.

மேட்டில் இருந்தவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 1999-இல் கிராஞ்சிக்கு வந்த குதிரைப்பந்தயம் 2024 அக்டோபரில் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் ராணுவப் பயிற்சிக்குப் போகும் என்று 2014-இல் அறிவித்தார்கள். தெங்காவில் புது நகரமே எழுந்துவிட்டது. அங்கே புதுக்குடித்தனம் போனவர்களில் மீன்தொட்டி வைப்பவர்களும் இருப்பார்கள். சிராங்கூன் நார்த் கடைகளிலிருந்து கண்ணாடித் தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது அழுக்கு நீரை, ஸ்கிம்மர் கிண்ணத்தில் சேரும் நாற்றக் கரைசலை எங்கே ஊற்றுகிறீர்கள்? சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. புளோக்கின் கீழே இருக்கும் திறந்த வடிகாலில் ஊற்றினால் அது பெரும்பாலும் கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகும். தெங்காவின் வடிகால் என்றால் கிராஞ்சிக்கே. உப்பும் பாஸ்பேட்டும் இரண்டுமே அங்கே ஆகாது. கழிவறையில் ஊற்றினால் அது கழிவுநீர்க் குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகும். 2008-இல் கட்டி முடித்த ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் குழாய் கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர். 2003-இலிருந்து கிராஞ்சியில் நியூவாட்டர் ஆலையும் இருக்கிறது. அங்கே சுத்திகரித்த கழிவுநீர் போகிற சவ்வும் நம் சம்ப் பக்கத்தில் இருக்கும் ஆர்.ஓ. சவ்வும் ஒரே இனம். பிய்த்துப் போட்ட கீட்டோவையும் வேண்டாத மீனையும் நத்தையையும் தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம். கீட்டோவை நன்றாகப் பிழிந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்தால் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.